ஓவியமும் கலை வரலாறும் ஒரே பட்டப்படிப்பில் படிக்க முடியுமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டேன். ஓவியக் கல்லூரியில் சேர ஆசை. கலை வரலாறும் அதே அளவு பிடிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க எங்கே வழி இருக்கிறது? கட்டுரை எழுதுவதும் படிப்பதும் வரைகிற நேரத்தைத் தின்றுவிடாதா?

படிக்கலாம். ஆனால் கல்லூரியைத் தேடுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். வாரத்தில் முழுநாளாகக் கிடைக்கும் பொழுதை எதற்குக் கொடுக்கப் போகிறீர்கள், தூரிகைக்கா, புத்தகத்துக்கா? "இரண்டுக்கும் சரிசமமாக" என்று எல்லோரும் சொல்வார்கள். பாடத்திட்டம் அப்படி அமைவது அபூர்வம். ஒன்று முதன்மையாகவும் மற்றது துணையாகவும்தான் இருக்கும்.

சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) நான்காண்டுப் படிப்பு. நேரத்தில் பெரும்பகுதி ஸ்டுடியோவுக்குப் போகும். கலை வரலாறும் அழகியலும் எழுத்துத் தாள்களாக வரும். சேர்க்கைக்கு வரைதிறன் தேர்வு உண்டு. சென்னைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. இந்தியாவின் பழைய கலைப் பள்ளிகளில் ஒன்று என்பதால் அங்கே படிக்கிறவர்களுக்குத் தங்கள் கல்லூரியே கலை வரலாற்றில் ஒரு பாடம்.

பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950-ல் தொடங்கியது. கலை வரலாறும் அழகியலும் அங்கே தனித் துறை; அந்தத் துறையிலேயே இளங்கலைப் பட்டம் பெறலாம். ஒரே வளாகத்தில் ஓவியம், சிற்பம், அச்சுக்கலை எல்லாம் நடக்கின்றன. ஓவியர் குலாம் முகமது ஷேக் அங்கே முதலில் கலை வரலாறு கற்பித்தார். பின்னாளில் ஓவியத் துறையில் பேராசிரியரானார். கே.ஜி. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்று, 1944-ல் சாந்திநிகேதன் போய், பிறகு பரோடாவில் ஆசிரியரானார். சுவரோவியம், பொம்மை, கண்ணாடி ஓவியம், கலைக் கட்டுரை என்று எல்லாவற்றையும் ஒரே கையால் செய்தவர். சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலா பவனத்திலும் (1919-ல் தொடங்கியது) கலை வரலாற்றுக்குத் தனித் துறை இருக்கிறது.

வெளிநாட்டில் நீங்கள் கேட்பதற்கு மிக நெருக்கமானது எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு ஃபைன் ஆர்ட் பட்டம். பாதி ஸ்டுடியோ, பாதி கலை வரலாறு என்றே வகுத்த படிப்பு அது. நான்காண்டுப் படிப்பு அங்கே ஐந்தாண்டாக நீண்டதைக் கவனியுங்கள். இரண்டையும் உண்மையிலேயே சரிபாதியாகக் கற்பிப்பதென்றால் நான்காண்டு போதாது என்பதுதான் அதன் பொருள்.

தயக்கம் இருந்தால் ஸ்டுடியோ பி.எஃப்.ஏ.வை முதலில் எடுங்கள். கலை வரலாற்றுக்கு முதுகலையில் போய்க்கொள்ளலாம். பரோடாவிலும், டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் (ஜே.என்.யூ.) அதற்கு இடமுண்டு. கையைப் பழக்குவதற்கு ஆசிரியர், மாடல், உலைக்கூடம், அச்சு இயந்திரம் எல்லாம் வேண்டும். வாசிப்புக்கு நூலகம் போதும். அதனால் அரிதாகக் கிடைப்பதை முதலில் வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டு பக்கம் எழுதினால் மனம் நிறைகிறது, கேன்வாஸ் முன்னால் நின்றால் வேலை ஓடவில்லை என்று இப்போதே தெரிந்தால் மட்டும் நேராகக் கலை வரலாற்றுத் துறைக்குப் போங்கள்.

ஓவியனுக்கு வரலாற்றுத் தேர்வு எதற்கு என்ற சண்டை பழையது. பிரிட்டனில் ஓவியர் வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம் தலைமையிலான குழு, 1960-ல், கலைப் பட்டயப் படிப்பின் நேரத்தில் சுமார் 15 விழுக்காட்டைக் கலை வரலாற்றுக்கும் துணைப்பாடங்களுக்கும் ஒதுக்கச் சொன்னது. அதன்பின் அங்கே எழுத்துத் தேர்வு கட்டாயமானது. மாணவர்கள் முணுமுணுத்ததற்குக் காரணம் வரலாறு அல்ல, அது வந்து சேர்ந்த விதம்தான். ஸ்டுடியோவோடு தொட்டுக்கொள்ளாத சொற்பொழிவாக, இருட்டறையில் ஸ்லைடாக வந்தது. நம் கல்லூரிகளிலும் நோய் அதேதான். நோட்ஸை மனப்பாடம் செய்து, அஜந்தாவுக்கு ஐந்து மார்க், அமராவதிக்குப் பத்து மார்க் என்று எழுதிவிட்டு வருகிறார்கள். அப்படிப் படித்தால் நீங்கள் பயப்படுகிறபடி அது நேரத்தைத் தின்னத்தான் செய்யும்.

மாற்று வழி, "இது எப்படிச் செய்யப்பட்டது?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது. கையில் மண்ணும் மெழுகும் வண்ணமும் புழங்குகிற மாணவருக்கு இந்த இடத்தில், புத்தகம் மட்டும் படிக்கிறவரிடம் இல்லாத ஒரு கருவி இருக்கிறது.

சென்னையில் இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் ஆரம்பியுங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை). ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிலை, இரண்டு மணி நேரம். முதல் இருபது நிமிடம் பென்சிலைத் தொடாதீர்கள். பக்கவாட்டிலும், முடிந்தால் பின்னாலும் போய்ப் பாருங்கள். பிறகு மூன்று படங்கள்: புறக்கோடு மட்டும் ஒன்று, எடை எந்தக் காலில் இறங்குகிறது, இடுப்பும் தோளும் எந்தக் கோணத்தில் சாய்கின்றன என்று அச்சுக்கோடுகளால் ஒன்று, ஒரு கையையோ அணிகலனையோ பெரிதாக்கி ஒன்று. அதற்கப்புறம் முந்நூறு சொற்களில் விவரணை. "அழகான", "தெய்வீகமான", "உயிரோட்டமுள்ள" என்ற சொற்களுக்குத் தடை போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாகத்தான் பெயர்ப் பலகையைப் படிக்க வேண்டும். முதலிலேயே படித்தால் "சோழர், 11-ஆம் நூற்றாண்டு" என்ற வரி கண்ணை மூடிவிடும்.

இப்படிப் பார்க்கிறபோது கேள்விகள் தாமாக வரும். பீடத்தில் துளைகளும் வளையங்களும் எதற்கு? கழியைச் செருகித் தூக்கிக்கொண்டு போக. அப்படியானால் இது உற்சவர். பட்டும் மாலையும் சாத்தி, தோளில் ஏற்றித் தெருவில் கொண்டுபோகச் செய்த உருவம். நீங்கள் அருங்காட்சியகத்தில் மணிக்கணக்காக ரசித்து வரைந்த இடுப்பு வளைவைத் திருவிழாவில் நின்றவர்கள் பார்த்திருக்க வாய்ப்பே குறைவு. அப்படியும் ஸ்தபதி அதை ஏன் அவ்வளவு முடித்துச் செய்தார்? ஒரு செமஸ்டர் கட்டுரைக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

அங்கிருந்து பஸ் பிடித்து மெரினாவுக்குப் போய், தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். சென்னைக் கல்லூரியின் முதல் இந்தியத் தலைவர் அவர். அதுவும் வெண்கலம்தான். ஆனால் களிமண்ணில் வனைந்து, பிறகு வார்த்தது. சதையும் நரம்பும் களிமண்ணில் கட்டைவிரல் அழுத்திய தடத்தோடு நிற்கின்றன. சோழ உருவமோ மெழுகில் பிறந்தது; மெழுகுருவத்தின் மேல் மண் பூசி அச்சாக்கி, சூட்டில் மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். மெழுகு சூட்டில் இளகும், குளிரில் இறுகும், மேற்பரப்பு வழுவழுவென்று ஓடும். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றும் ஒரே பிரதி. சிற்பத் துறை மாணவர் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து ஒரு கையளவு உருவம் செய்து பார்த்தால் இந்த வேறுபாடு ஒரே மாலையில் விளங்கிவிடும். மெழுகில் கீறிய கோட்டின் விளிம்பு மழுங்கி இருக்கும். வார்த்தபின் உளியால் வெட்டிய கோடு கூராக இருக்கும். இன்றும் வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலையின் வேலையில் வார்ப்புக்குப் பின் உளிவேலை நிறைய. அதை நேரில் பார்த்தபின் பழைய சிலைக்குத் திரும்பி வாருங்கள்.

சிலையின் அங்க அளவுகளை வகுக்கும் தாலமானத்தையும் மனப்பாடம் செய்வதைவிட அளந்து பார்ப்பது மேல். உத்தம தசதாலம் 124 அங்குலம், மத்திம தசதாலம் 120 என்று நூல்கள் சொல்லும். இது ஸ்கேலில் உள்ள அங்குலம் அல்ல. அந்த உருவத்தின் உயரத்தையே வகுத்துப் பெறுகிற அலகு. நேராக நிற்கும் திருமால் சிலை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நடராசர் உதவாது, முழங்கால் மடங்கியிருப்பதால் உயரம் கெட்டுவிடும். உடல் மூன்று இடத்தில் வளைந்து நிற்கும் திரிபங்க உருவமும் அப்படியே. போட்டோவில் அளப்பதானால் ஃபிளாஷ் இல்லாமல், நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து, கேமராவைச் சிலையின் நடு உயரத்தில் பிடித்து எடுங்கள். கிட்டே நின்று போனில் எடுத்தால் லென்ஸுக்கு அருகே உள்ள பகுதி பெருத்துவிடும். கணக்கு எல்லாமே பிழையாகும். பாதத்திலிருந்து உச்சி வரைதான் உயரம், கிரீடம் சேராது. இதைத் தவறவிட்டு "சோழ ஸ்தபதிகள் நூலை மீறினார்கள்" என்று முடிவு கட்டுகிற கட்டுரைகள் நிறைய.

மாமல்லபுரத்தில் எல்லோரும் பெரிய பாறைச் சிற்பத்தின் முன் நின்று அருச்சுனன் தபசா, கங்கை இறங்குவதா என்று வாதாடுவார்கள். வாதம் நல்லதுதான், விவரணை வேறு, விளக்கம் வேறு என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் கைவேலை தெரிந்தவர்கள் முடிக்காமல் விட்ட குடைவரைகளுக்குப் போக வேண்டும். பாறையைக் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, இடையில் நிற்கும் கட்டிகளை உடைத்தெடுத்துக்கொண்டே உள்ளே போன முறை அங்கே அப்படியே நிற்கிறது.

ஓவிய மாணவர்களுக்கு நான் வற்புறுத்துகிற பயிற்சி, ஒரு சுண்ணச் சுவர்த் துண்டு செய்வது. "ஃப்ரெஸ்கோ" என்ற சொல்லை நம்மூர்க் கட்டுரைகள் எல்லாச் சுவரோவியத்துக்கும் போட்டுவிடுகின்றன. அஜந்தா உண்மையான ஃப்ரெஸ்கோ அல்ல. மண் காரையின் மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு, அது காய்ந்தபின் பசை கலந்த வண்ணம். ஈரச் சுண்ணத்தில் வெறும் தண்ணீரில் குழைத்த வண்ணத்தை இடுவதுதான் ஃப்ரெஸ்கோ, அது வேறு முறை. இரண்டையும் ஒருமுறை செய்தவர் பிறகு அந்தச் சொல்லைக் கண்டபடி எழுத மாட்டார்.

முப்பது சென்டிமீட்டர் சதுரத்தில் சுட்ட மண் தகடு ஒன்று எடுத்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். ஊறாத தகடு காரையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பூச்சு பிடிக்காமல் உதிரும். தண்ணீருக்குள் பல வாரம் கிடந்த நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய கரடுமுரடான ஆற்று மணல் மூன்று பங்கு கலந்து ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அடிப்பூச்சு. மணலில் உப்பு இருந்தால் பின்னால் வெள்ளை வெள்ளையாகப் பூத்து வண்ணத்தைத் தள்ளும். கடற்கரை மணலை எடுக்கவே கூடாது. பூச்சின் முகத்தைக் கீறிவிட்டு ஓரிரு வாரம் நிழலில் விடுங்கள். பிறகு நனைத்து, சுண்ணாம்பும் சலித்த மணலும் சம அளவில் கலந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் மேற்பூச்சு. மேலே மினுங்கும் தண்ணீர்ப் பளபளப்பு மறைந்து, விரல் வைத்தால் ஒட்டாமல் குளிர்ச்சி மட்டும் தெரியும் பதத்தில் வரையத் தொடங்க வேண்டும். முன்னாலேயே தொடங்கினால் தூரிகை சுண்ணத்தை இழுத்துக் குழப்பும். பிந்தினால் வண்ணம் பொடியாக மேலேயே நிற்கும், துடைத்தால் கையோடு வரும். ஐந்தாறு மணி நேரம் கிடைக்கலாம். சென்னை வெயிலில் அதிலும் குறையும். ஃபேனுக்குக் கீழே வைத்தால் விரிசல் நிச்சயம். சுண்ணாம்பைக் கூட்டினாலும், பூச்சு தடித்தாலும் அதே கதி.

காவி, மஞ்சள் காவி, பச்சை மண், கரி போன்ற வண்ணங்களை மட்டும் பயன்படுத்துங்கள். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பின் காரத்தில் சிதைந்து பழுப்பாகிவிடும். ஒரு மூலையில் தடவி வேடிக்கை பார்க்கலாம். வண்ணம் காய்ந்தால் வெளுக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. அப்போது உருவாகும் படிகத் தோல்தான் நிறத்தைப் பூட்டி வைக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஈரச் சுண்ணாம்பு தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. முற்றும் காய்ந்த இன்னொரு தகட்டின்மேல் முட்டை மஞ்சள்கருவிலோ கோந்திலோ அதே படத்தை வரைந்து, ஒரு மாதம் கழித்து ஈரப் பஞ்சால் இரண்டையும் தேய்த்துப் பாருங்கள். உங்கள் தகட்டில் மட்டும். கோயில் சுவரில் விரல்கூட வைக்கக் கூடாது.

இதைச் செய்து முடித்தபின் தஞ்சைப் பெரிய கோயில் பற்றிய கட்டுரை வேறு மாதிரி எழுதப்படும். கருவறையைச் சுற்றிய நடைவழியில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்தார் என்பது நோட்ஸில் ஒரே வரி. மேற்பூச்சு ஏன் அடிப்பூச்சிலிருந்து பெயர்கிறது, அதைப் பிரித்தெடுத்துத் தனிப் பலகையில் ஏற்றுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதெல்லாம் சுண்ணத்தில் கை வைத்தவருக்குத்தான் உறைக்கும்.

எழுத்து வேலையில் பிழைகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதான். ஒரு படைப்பைக் குறிப்பிட்டால் செய்தவர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, இருக்குமிடம் ஆறும் வேண்டும். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. "சோழர் காலம்" என்று மட்டும் எழுதாதீர்கள். அது 9-ஆம் நூற்றாண்டிலிருந்து 13 வரை நீள்கிறது. செம்பியன் மாதேவி காலமா, முதலாம் ராஜராஜன் காலமா, அதற்கும் பிந்தியதா என்று குறுக்குங்கள். வெண்கலங்களில் எழுத்துப் பொறித்தவை குறைவு. பெரும்பாலும் பாணியை வைத்தே காலம் கணிக்கிறார்கள். அதனால் "கணிக்கப்படுகிறது" என்பதும் "கல்வெட்டு சொல்கிறது" என்பதும் கட்டுரையில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஐம்பொன் என்று பெயர்ப்பலகையில் இருந்தால் ஐந்து உலோகமும் உள்ளே இருப்பதாக அர்த்தமில்லை. பத்தாம் நூற்றாண்டு ஸ்தபதி "தன் உள்மன உணர்வை வெளிப்படுத்தினார்" என்பதும் வேண்டாம். அது இருபதாம் நூற்றாண்டு ஓவியனின் பேச்சு.

போன் திரையில் எல்லாப் படமும் ஒரே அளவு. கையில் பிடித்துப் பார்க்கச் செய்த முகலாயச் சிற்றோவியத்தையும், மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் அகலமும் உள்ள பிக்காசோவின் குவெர்னிக்காவையும் ஒரே கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போகிறோம். ஸ்டுடியோ சுவரில் மாஸ்கிங் டேப்பால் உண்மை அளவை ஒட்டி, அதன் முன் நின்று பாருங்கள். கட்டுரையும் மாறும், உங்கள் கேன்வாஸ் அளவும் மாறும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கில நூல்களைக் கண்டு மிரளுவது இயல்பு. ஒரு நாளைக்கு நான்கு பக்கம் போதும். புதுச் சொல், அதன் பொருள், அது பொருந்துகிற ஒரு படைப்பின் சிறு கோட்டுப்படம் என்று மூன்று பத்தி நோட்டு போடுங்கள். திருவாசி, கரண்ட மகுடம், பத்மபீடம், தூக்கிய திருவடி எல்லாம் உங்களுக்கு அகராதி பார்க்காமல் புரிகிற சொற்கள். கல்வெட்டையும் தேவாரத்தையும் மூலத்தில் படிக்க முடிவது, இந்தத் துறையில் பலருக்கு இல்லாத சொத்து.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்டுடியோ வேலைக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த துண்டுகள் பயன்படாது. பலகை தயார் செய்து வண்ணம் கலக்கவே அரை மணி போகும். வாசிப்பு முக்கால் மணித் துண்டுகளிலும் நடக்கும். ஆகவே காலை வெளிச்சம் முழுக்க ஓவியத்துக்கு, மின்சார ரயிலும் சாயங்காலமும் படிப்புக்கு. எண்ணெய் வண்ணத்தில் ஒரு அடுக்கு காயும் நாட்களைக் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; காயாத அடுக்கின்மேல் பொறுமையில்லாமல் பூசிச் சேறாக்குவதும் குறையும். பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது கடைசி ஆண்டில். ஆய்வேடும் இறுதிக் காட்சியும் ஒரே மாதத்தில் வந்து விழும். ஆய்வேட்டின் முதல் வரைவை அதற்கு முந்தைய செமஸ்டர் விடுமுறையிலேயே முடித்தவர்கள்தான் காட்சிக்கு ஒழுங்காகப் படம் மாட்டுகிறார்கள்.

ஆய்வுத் தலைப்புக்கு ஒரு சோதனை: பொருள் பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருக்க வேண்டும், குறைந்தது மூன்று முறை நேரில் பார்க்க முடிய வேண்டும். "இந்தியக் கலையில் பெண்" என்பது தலைப்பே அல்ல. சென்னை சினிமா பேனர் ஓவியர்கள் சின்னப் போட்டோவைக் கட்டம் போட்டு இருபதடி உயரத்துக்குப் பெருக்கிய முறை நல்ல தலைப்பு. ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை முடித்துவிட்டது, தெரிந்தவர்கள் இன்னும் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் சகாக்களோடு ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், பாத்திக் (மெழுகு தடவித் துணியில் சாயமேற்றுவது) போன்ற கைவினை விற்பனையை வைத்து ஓவியர்களை எப்படித் தாங்கியது என்பது இன்னொன்று.

விண்ணப்பிக்குமுன் அந்தந்தக் கல்லூரியின் நடப்புப் பாடத்திட்டத்தை வாங்கி, எழுத்துத் தாள்களுக்கு மொத்த மதிப்பெண்ணில் எத்தனை பங்கு, ஆய்வேடு உண்டா, கலை வரலாற்று மாணவருக்கு ஸ்டுடியோ நேரம் எந்த ஆண்டு வரை என்று மூன்றையும் எண்ணிப் பாருங்கள். துறையின் பெயரை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கல்லூரி ஆசிரியப் பணிக்கு யுஜிசி நெட் தகுதித் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், காட்சிக் கலைப் பாடத்துக்குள் கலை வரலாறும் ஒரு பிரிவாக வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்குக் கொண்டுபோகும் கோப்பில் ஸ்டில் லைஃப், உருவப்படங்களோடு அருங்காட்சியகத்தில் வரைந்த நாலைந்து பக்கங்களையும் ஓரக் குறிப்புகள் அழியாமல் அப்படியே வையுங்கள்.